சுண்டுவிரல் மதமதக்கும் ஆச்சிக்கு

கேள்வி: டாக்டர் தம்பிக்கு, வயது 58. காரைக்குடி பக்கத்தில் வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். கை முறுக்கு, மனகோலம், சீப்புச் சீடை. ஐந்து வாரத்துக்கு முன்னால் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது இடுப்பில் சுரீர் என்றது. இரண்டு நாளில் வலி வலப்பக்கப் பிட்டத்திலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி, இப்போது சுண்டுவிரல் பக்கம் மதமதப்பாக இருக்கிறது. தும்மினால் கால் வரை கரண்ட் ஓடுகிறது. ஸ்கேன் பார்த்து "நரம்பு நசுங்கியிருக்கிறது" என்கிறார்கள். மகன் சென்னைக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்கொள் என்கிறான். சம்பந்தி வீட்டிலோ, ஆபரேஷன் பண்ணினால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள். காலால் பிறந்தவர் ஒருவர் மிதித்தால் ஜவ்வு உள்ளே போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. தையில் பழநிக்கு நடக்கவும் வேண்டுதல். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஆச்சி, வணக்கம். கடிதத்தோடு ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் வைத்திருந்தீர்கள், நல்லது. ஆனால் அதைவிட எனக்கு உதவியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'சுண்டுவிரல்' என்ற ஒரு சொல்தான்.

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிற ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு தெரு உண்டு. நாங்கள் எல்4 என்று சொல்கிற நரம்பு முழங்காலைத் தாண்டி முன்னங்காலின் உட்பக்கமாகப் போகும். எல்5 காலின் வெளிப்பக்கமாக இறங்கி, புறங்கால் வழியாகக் கட்டைவிரலுக்கு வரும். எஸ்1 பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல். உங்கள் வலி நடந்த வழி அப்படியே எஸ்1 தெரு. ரிப்போர்ட்டிலும் எல்5–எஸ்1 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி வலப்பக்க எஸ்1 நரம்பின் மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் போட்டிருக்கிறது. படமும் விரலும் ஒரே கதையைச் சொல்கின்றன. இது எல்லாருக்கும் இப்படிப் பொருந்தி வருவதில்லை. இடது காலில் வலி, ஸ்கேனில் வலப்பக்கம் பிதுக்கம் என்று வருகிறவர்களை மாதத்தில் ஒருவரையாவது பார்க்கிறேன். அவர்களுக்கு அந்தப் படத்தை நம்பிக் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் மிச்சம் இருக்கிற வரிகளுக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 'எல்லா டிஸ்க்கிலும் தேய்மானம்', 'எல்4–எல்5ல் லேசான பல்ஜ்' (பிதுக்கம்) என்பதெல்லாம் வயசு எழுதிய வரிகள். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது. ஐம்பது வயதில் 100க்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்குப் பிதுக்கம். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 100க்கு 30 பேருக்குப் பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாருக்கும் ஒரு வலியும் கிடையாது. தலை நரைத்ததை யாரும் வியாதி என்று ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. முதுகு நரைத்தால் மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

சரி, 'ஜவ்வு விலகுவது' என்றால் என்ன? உங்களுக்குச் சுகியத்தை வைத்தே சொல்லிவிடலாம். மேல்மாவு ஒரே சீராக இருந்தால் பூரணம் உள்ளேயே இருக்கும். ஓரிடத்தில் மாவு மெலிந்திருந்தால் எண்ணெயில் போட்டதும் அந்த இடம் வெடித்து, பூரணம் வெளியே வந்துவிடும். டிஸ்க்கும் அப்படித்தான். வெளியே உறுதியான நார் வளையங்கள், உள்ளே கொழகொழவென்று ஒரு பொருள். பின்பக்கம் ஓரமாக அந்த வளையம் கொஞ்சம் வலுக்குறைவு. நரம்பு வெளியே போகும் வழியும் அந்தப் பக்கம்தான்.

'விலகிவிட்டது' என்ற சொல்தான் இத்தனை வம்புக்கும் காரணம். டிஸ்க் மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. அடுக்கிவைத்த அண்டா சரிகிற மாதிரி அது நகராது. நகராததை மிதித்து உள்ளே தள்ளவும் முடியாது. வெடித்த சுகியத்தைக் கரண்டியால் தட்டினால் பூரணம் திரும்ப உள்ளே போகுமா, ஆச்சி? பக்கத்து வீட்டு அக்காவிடம் சண்டை போட வேண்டாம். சாதாரணச் சதைப்பிடிப்புக்கு மிதித்துச் சிலருக்குச் சுகம் கிடைத்திருக்கலாம். உங்கள் முதுகில் மட்டும் யார் காலும் படக்கூடாது. இன்னும் கொஞ்சம் பூரணம் வெளியே வந்தால் நரம்புக்கு இடமே இருக்காது.

அடுத்து, 'நசுங்கியிருக்கிறது' என்ற சொல். அம்மிக்கல்லுக்கு அடியில் விரல் மாட்டிக்கொண்டது போல நீங்கள் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள். கல்லை எடுக்காமல் வலி போகாது என்றுதானே தோன்றும்? நரம்பு விஷயம் கொஞ்சம் வேறு. டிஸ்க் வெடித்து நரம்பை அழுத்துவதால்தான் இந்தக் கால்வலி என்பதை 1934ல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் எல்லாரும் அழுத்தத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். 1958ல் இங்கிலாந்தில் இரண்டு மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆபரேஷன் நேரத்தில் நரம்பைச் சுற்றி மெல்லிய நைலான் நூலை மாட்டி, நூலின் நுனியை வெளியே விட்டுவிட்டார்கள். நோயாளி கண்விழித்த பின்னால் நூலை லேசாக இழுத்துப் பார்த்தார்கள். புண்பட்டிருந்த நரம்பை இழுத்தபோது பழைய கால்வலி அப்படியே வந்தது. நல்ல நரம்பைத் தொட அந்த வலி வரவில்லை. (இன்றைக்கு எந்தக் கமிட்டியும் இதற்கு அனுமதி கொடுக்காது.)

டிஸ்க்குக்குள் இருக்கிற பொருள் வெளியே வந்தால், உடம்பு அதை அந்நியச் சரக்காகப் பார்க்கிறது. அந்த இடத்தில் அழற்சி உண்டாகி, நரம்பு வீங்கிச் சிவந்து, தொட்டால் கத்துகிற நிலைக்கு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நரம்பின் மேல் கொஞ்சம் அழுத்தம் பட்டாலே கரண்ட் ஓடும். அழற்சி அடங்கிவிட்டால் பிதுக்கம் அங்கேயே இருந்தாலும் வலி போய்விடும். இதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் எந்தக் கத்தியும் படாமல் நன்றாகக் குறைகிறது.

இன்னொரு நல்ல செய்தி. உங்கள் ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ரூஷன்' என்று இருக்கிறது, அதாவது பூரணம் வளையத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. மகன் அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்துத்தான் பயந்திருப்பார். அந்நியச் சரக்கு என்று அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, வெளியே வந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. வெறும் பல்ஜ் என்றால் 100ல் 13 பேருக்குத்தான் அது தானாகச் சுருங்கும். எக்ஸ்ட்ரூஷன் என்றால் 70 பேருக்கு. துண்டாகவே பிரிந்து விழுந்திருந்தால் 96 பேருக்கு. இதுவும் 2015ல் தொகுத்த கணக்குதான். கேட்கப் பயமான சொல்லுக்குத்தான் கரையும் குணம் அதிகம்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. நான் உங்கள் வலியைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படவில்லை. பயப்படுவது காலின் பலம் குறைந்தால்தான். அதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். வளவுத் தூணை லேசாகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இடது காலைத் தூக்கிக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை முடிகிறதா? எஸ்1 நரம்பு கெண்டைக்கால் சதைக்குக் கொடுக்கிற பலத்துக்கு இதுதான் சோதனை. அப்புறம் இரண்டு குதிகாலிலும் நின்று, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடங்கள். இது பெரும்பாலும் எல்5க்கு. நாள்விட்டு நாள் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிற ஒருவர் சில வருஷத்துக்கு முன் என்னிடம் வந்தார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அடுக்குகிற வேலை. நாள் முழுக்கக் குனிவதும் திரும்புவதும்தான். இரண்டு மாதம் கால்வலியோடு வேலை பார்த்திருக்கிறார். "ஒரு வாரமாக வலி சுத்தமாக நின்றுபோச்சு டாக்டர், சும்மா காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். உள்ளே நடந்து வரும்போதே கவனித்தேன், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வாசற்படியிலேயே கழன்று கிடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. பாதத்தைத் தூக்குகிற பலம் போயிருந்தது. வலி நின்றதாக அவர் நினைத்தது, நரம்பு பேச்சை நிறுத்திக்கொண்டதுதான். ஆபரேஷன் ஆயிற்று. பலம் முக்கால்வாசிதான் திரும்பியது. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

ஆக, நுனிக்காலில் ஏற முடியாமல் போனாலோ, பாதம் தொங்கினாலோ, செருப்பு தானாகக் கழன்றாலோ அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வேகமாகப் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே.

ஒரு விஷயத்தைப் பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் உடைத்தே எழுதுகிறேன். உட்காருமிடமும் தொடையிடுக்கும் மரத்துப்போய், கழுவும்போது கை படுவது தெரியாமல் இருந்தால். சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் வராமலோ, வருவதே தெரியாமலோ போனால். இரண்டு கால்களும் சேர்ந்து தளர்ந்தால். இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிட்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி முதுகுத்தண்டு அறுவை செய்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்குகிற நரம்புக் கொத்து முழுவதும் மாட்டிக்கொள்வது அது. அரிதுதான். ஆனால் அங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். மாலைக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி என்று இருந்தால் அது வேறு வியாதி. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறந்துவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரையாலும் பாதம் மதமதக்கும். அது இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்டது போலச் சமமாக வரும், ஒரு சுண்டுவிரலை மட்டும் பிடிக்காது. எட்டு வருஷ மெட்ஃபார்மினில் உடம்பில் பி12 வைட்டமின் குறைவதுண்டு. 'நரம்புச் சத்து மாத்திரை' என்று எல்லாருக்கும் எழுதுகிறார்கள். நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது. உங்களுக்கு மட்டும் ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையை வாரக்கணக்கில் தின்னாதீர்கள், சர்க்கரைக்காரர்களின் கிட்னிக்கு அது ஆகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சில நாள் போதும். நரம்புவலிக்கென்று பிரிகாபாலின் மாத்திரை எழுதியிருக்கிறார்களா? 2017ல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்ததில், இந்த மாதிரிக் கால்வலிக்கு வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடுதல். ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், எழுதியவரைக் கேட்டுக் குறையுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடி கொடுத்து, தின்ற இரண்டாம் நாளே வலி மாயமானால், அடுத்த வாரம் சர்க்கரையைச் சோதியுங்கள். தாறுமாறாக ஏறியிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

படுக்கையே கதி என்று கிடக்க வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கிற ஓரிரு நாள் சரி. இரண்டு வாரம் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் 1999ல் வந்தது, படுத்தவர்களுக்கு, படுக்காமல் நடமாடிக்கொண்டிருந்தவர்களைவிட ஒரு லாபமும் இல்லை. பெல்ட்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பேருந்துப் பயணத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் வேலைக்கு வருவோம். எனக்குத் தெரிந்து முறுக்குச் சுற்றுகிற ஆச்சிகள் எல்லாருமே மணையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, முன்னால் விரித்த துணியின் மேல் குனிந்து மணிக்கணக்கில் சுற்றுவார்கள். விரல் மட்டும் ஆடும், முதுகு வளைந்தது வளைந்தபடியே நிற்கும். டிஸ்க் பின்பக்கம் பிதுங்க இதைவிட வசதியான இருப்பு வேண்டுமா? அந்தப் பலகையை மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தோ நின்றோ சுற்றுங்கள். கை பழக இரண்டு நாள் ஆகும், சுற்று கொஞ்சம் கோணும், அப்புறம் சரியாகிவிடும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து முற்றத்தை ஒரு சுற்று வாருங்கள்.

எண்ணெய் டின்னை இனிமேல் நீங்கள் தொடக்கூடாது, மூன்று மாதத்துக்காவது. ஜெர்மனியில் ஒருவருடைய டிஸ்க்குக்குள்ளேயே கருவியை வைத்து 1999ல் அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். நிற்கும்போது 0.5 அலகு. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3, கிட்டத்தட்ட நாலரை மடங்கு. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே பளுவை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றால் 1.1தான். உங்கள் 15 கிலோ டின்னை எப்படித் தூக்கினீர்கள் என்று கடிதத்திலேயே இருக்கிறது: தூக்கிக்கொண்டே திரும்பினீர்கள். டின்னைப் பிரித்துச் சிறு பாத்திரத்தில் மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். தீபாவளி ஆர்டரில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி போதுமா என்று கேட்டு இன்னொரு கடிதம் வேண்டாம்.

ஆபரேஷன் விஷயத்தில் மகனும் சரி, சம்பந்தியும் சரி, ஆளுக்குக் கொஞ்சம் தவறு. கால் விழுந்துவிடும் என்பது பழைய பயம். பிதுங்கிய துண்டை மட்டும் சிறு வழியில் எடுக்கிற இன்றைய முறையில் அப்படி ஆவது மிகவும் அரிது, நான் முன்னே சொன்னவருக்குக் கால் விழுந்தது ஆபரேஷனுக்கு முன்னால். அதேசமயம் அவசரமும் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு உடனே ஆபரேஷன், மற்றதற்குக் காத்திருப்பு. காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது உண்மை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூறிலும் 100க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். 2007ல் வந்த முடிவு இது. உங்களுக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது. பலம் குறையாமல் இருந்தால் பன்னிரண்டு வாரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் ராத்திரி தூங்கவிடாமல் வலித்தால், ஆபரேஷன் நல்ல வழிதான், நானே சொல்வேன். கால்வலி நன்றாகப் போகும். இடுப்புவலி அந்த அளவு போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. நடுவில் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்பார்கள். சில வாரம் ஆறுதல் கிடைக்கும், உங்களுக்குச் சர்க்கரை சில நாள் ஏறும், தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

குணமாகும்போது வலி கீழிருந்து மேலே ஏறும். பாதம், கெண்டைக்கால், தொடை என்று ஒவ்வொன்றாக விட்டு இடுப்பில் வந்து நின்றால், இடுப்பு கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. மதமதப்புதான் கடைசியில் போகும். அறுந்துபோன நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து சுண்டுவிரல் ஒரு மீட்டருக்குப் பக்கம். வலி போய், விரல் மட்டும் மரத்திருந்தால் ஸ்கேனை மறுபடி எடுக்காதீர்கள்.

பழநிக்கு நடப்பதைப் பற்றி. முதுகைப் பொறுத்தவரை நடை நல்லதுதான், உட்காருவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. இன்றிலிருந்தே வளவைச் சுற்றிப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கால்வலி கூடினால் குறையுங்கள், கூடாவிட்டால் வாரம் ஐந்து நிமிஷம் ஏற்றுங்கள். கார்த்திகை முடிவில் குன்றக்குடி போய் நடந்தே திரும்பிவர முடிகிறதா பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம். எனக்குக் கவலை முதுகைவிட அந்த விரல் மேல்தான். சர்க்கரையும் மரத்துப்போன சுண்டுவிரலும் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு நாள்கணக்கில் நடந்தால், கொப்புளம் வந்தது உங்களுக்குத் தெரியாது, அது புண்ணான பிறகுதான் தெரியும். செருப்புப் போட்டு நடந்ததற்காக முருகன் கோபித்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி தங்குமிடத்தில் யாரையாவது டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டையை வண்டியில் போடுங்கள்.

தூணைப் பிடித்து நின்று வலது காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிந்தது என்று எண்ணி எழுதுங்கள். இடது காலையும் எண்ணுங்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.